சைலன்சர் மாஸ்டரின் நம்ம ஆளு

எனக்கு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை. என் கடைக்கும் பக்கத்து ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் யாராவது அழுத்தித் தும்மினால் என் தையல் மெஷின் மேல் இருக்கிற நூல்கண்டு உருளும். பதினெட்டு வருஷம் அப்படி ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த ஷெட்டில் நடந்ததில் முக்கால்வாசி நான் காதால் கேட்டது, மீதி கண்ணால் பார்த்தது.

ஷெட்காரரை எல்லோரும் சைலன்சர் மாஸ்டர் என்பார்கள். வண்டி கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது சைலன்சர்தான். கல்லில் இடித்தோ, சுவரில் உரசியோ, பின்னால் வந்த லாரி முட்டியோ நசுங்கி ஒடுக்கு விழுந்து வந்து நிற்கும். அதைச் சுத்தமாக எடுத்துக் கொடுக்க எல்லோராலும் ஆகாது. வெளியிலிருந்து தட்டினால் இன்னும் நெளியும். சூடு காட்டினால் பளபளப்பு நீலம் பாரித்துவிடும். வெல்டிங் வைத்து இழுத்தால் தழும்பு தெரியும். மாஸ்டர் கடையிலிருந்து திரும்பிப் போகிற சைலன்சரில் ஒடுக்கு எங்கே இருந்தது என்று வண்டிக்காரனே தடவித் தடவித் தேடுவான். எங்கெங்கிருந்தோ சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

மாஸ்டர் பார்க்க ஜம்மென்று இருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். கொண்டுவந்த சைலன்சரை வாங்கி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "உள்ள தகடு ரெண்டு எடத்துல மடங்கியிருக்கு. நாளைக்கு வாங்க" என்பார். வந்தவர் அசந்துபோவார். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் வரும். யார் அது என்று கேட்டால், "நம்ம ஆளு ஒருத்தன். மேலாகத் தட்டி வைப்பான். கடைசிக் கைவேலை நம்மளுது" என்று பதில் வரும்.

இரும்போடு மல்லுக்கட்டுகிறவர் சட்டை எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அந்த நம்ம ஆளு அவருடைய சம்சாரம். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ செய்கிற கம்பெனியில் இருந்தவர். அரிசி மணியைவிடச் சின்ன பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. ஒரு நொடி சூடு கூடினால் பாகம் கருகும், ஒரு நொடி குறைந்தால் ஒட்டாது. மூன்று வருஷம் அதில் ஊறிய கை. மாஸ்டருக்கு வாய் எவ்வளவு நிதானமோ கை அவ்வளவு பதற்றம். சைலன்சர் தகடு மெலிசு. அவர் கேஸ் குழாயைப் பிடித்து நெருப்பைக் காட்டினால் பத்தில் நாலு ஓட்டை விழும். கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு தலைமையாசிரியருடைய வண்டி சைலன்சரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, அவர் வரும் நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார். சாப்பாடு கொண்டுவந்த அண்ணி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். அணையாமல் கிடந்த குழாயை எடுத்தார். துண்டுத் தகடு ஒன்றை வெட்டி வைத்து ஓட்டையை மூடி, அரம் போட்டுத் தேய்த்தார். மூடிய இடம் தெரியவில்லை. மாஸ்டர் திரும்பி வந்தபோது தலைமையாசிரியர் அவர் தோளில் தட்டி, "கைன்னா இது கை" என்றார். மாஸ்டர் வெட்கப்பட்டுச் சிரித்து அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே ஷெட்டை இரண்டாக்கி நடுவில் ஒரு பிளைவுட் தட்டி வந்துவிட்டது. தட்டிக்கு முன்னால் மாஸ்டர், பின்னால் அண்ணி.

ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "ஏன் அண்ணி, நீங்கதான் செய்றீங்கன்னு சொன்னா என்ன?"

"சொன்னா கிரீடம் வைக்கப் போறாங்களா? பொம்பள கை வச்சதுன்னு தெரிஞ்சா பாதிப் பேரு வரமாட்டான். விடு தம்பி, குடும்பம் ஓடுனா சரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது மகள் கைக்குழந்தை. பெரிய டயர் ஒன்றுக்குள் துணியை மெத்தையாகப் போட்டு, அதில் படுக்கவைத்துவிட்டு வேலை பார்ப்பார்.

வருஷங்கள் போகப் போக, அண்ணி தனக்கென்று சாமான் செய்துகொண்டார். விதவிதமாக வளைத்த கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பேரிங் குண்டு பற்றவைத்திருக்கும். சைலன்சரின் வால் பக்கம் கழற்றி, கம்பியை உள்ளே விட்டு, ஒடுக்கின் முதுகைத் தேடிப் பிடித்து உள்ளிருந்தே நெம்புவார். கம்பி எட்டாத இடமானால் இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, ஓரத்தில் சூடு காட்டி எழுப்புவார். கம்பிகளுக்குப் பேர்கூட வைத்திருந்தார். நீளக் கழுத்துக்காரன் கொக்கு. ஒரு பக்கம் சாய்ந்தது நொண்டி. எந்த இண்டு இடுக்கிலும் புகுந்து குத்துகிற ஒன்றுக்கு மாமியார் என்று பேர். "தம்பி, இது மாமியார் இல்லாம ஆகாத கேஸு" என்று தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தால் நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பேன். முன்னால் இருக்கிற வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடுமே என்று மாஸ்டர் பலமாக இருமுவார்.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் ஒரு சூப்பர்வைசர் வந்தார்.

சைலன்சர் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. லாரியில் ஏற்றி இறக்கும்போது ஒடுக்கு விழுவதை எல்லாம் பழைய இரும்புக்குப் போடுகிறார்களாம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஆறு சைலன்சர் கொண்டுவந்தார். ஆறும் பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி, ஆறிலும் ஒடுக்கு. மூன்று நாள் கழித்து வந்து, ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் இல்லை, தழும்பு இல்லை.

"மாஸ்டர், எங்க கம்பெனிக்கே வந்துடுங்க. தனியா ஒரு செக்‌ஷன் போடறோம், நீங்கதான் தலை. அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை வாங்க. எங்க ஆளுங்க முன்னாடி ரெண்டு செஞ்சு காட்டுங்க, அவ்வளவுதான்."

"வந்துட்டாப் போச்சு" என்றார் மாஸ்டர். ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடவில்லை.

தட்டிக்குப் பின்னால் சுத்தியல் நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் போனதும் அண்ணி வெளியே வந்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, "இப்பவாவது சொல்லிடுங்களேன்" என்றார்.

"என்னன்னு சொல்றது?"

"செய்றது நான்னு."

மாஸ்டர் அவரை ஏதோ குழந்தை உளறியதைப் போலப் பார்த்தார். "பத்து நாள் இருக்கு. நீ சொல்லிக்குடு. நான் ஆரம்பிச்ச தொழில்தானே, எனக்கு வராதா?"

மறுநாளிலிருந்து காலையில் கடை திறக்கும் முன்னால் வகுப்பு நடந்தது. நானும் சீக்கிரம் வந்துவிடுவேன். கேட்கக்கூடாது என்றாலும் காதைக் கழற்றி வைக்க முடியுமா?

"நெருப்ப வட்டமா ஓட்டுங்க. ஒரே எடத்துல நிக்காதீங்க."

"தெரியும்."

"காத்த அவ்வளவு தொறக்காதீங்க. அடைப்பு பிச்சிக்கிட்டுப் போயிடும்."

"தெரியும்னு சொல்றேன்ல!"

கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஓட்டை. பழைய சைலன்சர்கள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போய்க் குவிந்தன. அண்ணிக்கு ஒரு நாளும் குரல் உயரவில்லை. எட்டாம் நாள் மாஸ்டர் குழாயை வீசி எறிந்தார்.

"நீ என்னமோ ஒண்ண மறைக்கிற."

"எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் சொல்லிட்டேன்."

"இல்ல. கைக்குள்ள ஏதோ வித்தை வச்சிருக்க. புருஷன் மேல வந்துடுவானோன்னு வயித்தெரிச்சல்."

பிறகு அண்ணி இறங்கித்தான் பேசினார். "நானும் கூட வரேன். ஹெல்பர்னு சொல்லிக்கோங்க. நீங்க பேசுங்க, நான் கை வைக்கிறேன். இங்க நடக்கறதுதானே."

"அங்க நடுவுல தட்டி கிடையாதுடி!" என்று கத்தினார் மாஸ்டர்.

திங்கட்கிழமை தனியாகத்தான் போனார். அன்றைக்கும் வெள்ளைச் சட்டை. அண்ணியின் கம்பிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டார். மத்தியானமே திரும்பிவிட்டார். என்னிடம், "அவங்க காத்து மெஷின் சரியில்ல தம்பி. பெரிய கம்பெனிங்கறாங்க, ஒரு மெஷின ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்றார். பையைத் தட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். என்ன நடந்தது என்று நாலு நாள் கழித்து சூப்பர்வைசர் வந்து சொல்லித்தான் தெரியும். முதல் சைலன்சரில் இரண்டு ஓட்டை. இரண்டாவதில் காற்றை அளவுக்கு மேல் திறந்ததில் மரக்கட்டை அடைப்பு பிய்த்துக்கொண்டு போய் மேலே இருந்த டியூப் லைட்டை உடைத்திருக்கிறது. கண்ணாடித் தூள் தலையில் கொட்ட, கூடியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் கோபமாக வரவில்லை, குழப்பமாக வந்தார். கையில் ஒடுக்கு விழுந்த சைலன்சர் ஒன்று.

"மாஸ்டர், அன்னைக்கு அந்த ஆறையும் யாரு செஞ்சது? உண்மையச் சொல்லுங்க. அந்த ஆள எனக்குக் காட்டுங்க போதும்."

"நான்தான் சார் செஞ்சேன். அன்னைக்கு மெஷின்தான்..."

அதற்குள் அவர் தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டார். கண்ணாடி போட்டு, தலையில் துணி கட்டி, மடியில் ஒரு சைலன்சரைக் கிடத்திக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார்.

"இவங்க?"

"வீட்ல சார். சும்மா தொடைச்சுக் குடுக்கும்." மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. என் கடைப் பக்கம் திரும்பி, "தம்பி, இங்க வா! நீ பதினெட்டு வருஷமா பக்கத்துல இருக்க. வேலை செய்யறது யாரு, சார்கிட்ட நீயே சொல்லு" என்றார்.

போய் நின்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பயமா என்றால் பயமில்லை. மாஸ்டர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யக்கூடியவர் இல்லை. ஒரு ஆம்பிளையை இன்னொரு ஆம்பிளை முன்னால் விட்டுக்கொடுக்க நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"மாஸ்டர்தான் சார்" என்றேன்.

அண்ணி என்னை ஒரு கணம் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். பிறகு எழுந்து வந்து, "அதை இப்படிக் குடுங்க சார்" என்று சூப்பர்வைசர் கையிலிருந்த சைலன்சரை வாங்கிக்கொண்டார்.

மாஸ்டர், "ஏய்" என்றார். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வால் பக்கத்து மூடியைக் கழற்றினார். விரலால் ஒடுக்கின் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார். கம்பி ஒன்றை எடுத்து உள்ளே விட்டு, இடுப்பால் சைலன்சரை அணைத்துப் பிடித்து, மெல்ல நெம்பினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒடுக்கின் ஒரு பக்கம் எழும்பியது. கம்பியை மாற்றினார். உள்ளே தகடு குறுக்கே நின்ற இடத்தில் கம்பி போகவில்லை. உடனே இரண்டு முனையிலும் மரக்கட்டையை அடித்து அடைத்து, ஒரு கட்டையின் ஓட்டையில் காற்றுக் குழாயைச் சொருகி, திருகை மயிரிழை அளவுக்குத் திறந்தார். நெருப்பை ரொம்பவும் சின்னதாக்கி, ஒடுக்கைத் தொடாமல் அதன் ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். ஈரத்துணி இன்னொரு கையில். சூடு வைப்பதும், துணியால் ஒற்றி எடுப்பதும், மறுபடி சூடு வைப்பதுமாக இருந்தார். உள்ளே காற்றுப் பிடித்த கன்னம் உப்புகிற மாதிரி அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, வந்து, சமமாகி நின்றது. அண்ணி சட்டென்று காற்றை அடைத்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். துடைத்துக் கொடுத்தார்.

அந்த நேரம் முழுக்க சூப்பர்வைசர் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, அருமை" என்றார். சைலன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எங்க ஷாப்புல லேடீஸ் யாரும் கிடையாது. மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

மாஸ்டர் அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் கடையைப் பூட்டி வைத்திருந்தார். நாலாம் நாள் திறந்தபோது தட்டிக்குப் பின்னால் வேறு ஒரு வெல்டிங்காரன் உட்கார்ந்திருந்தான். அண்ணி வரவில்லை. "நீ வீட்லயே இரு, நீ செஞ்சது போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

புது ஆள் கேட் செய்கிற இடத்தில் பழகியவன். சைலன்சரை ஜன்னல் கம்பி மாதிரி வறுத்தெடுத்தான். ஒரு மாதத்துக்குள் சண்டை போட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "என்ன மாஸ்டர், உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"வீட்ல நிம்மதி இல்ல சார்" என்றார் மாஸ்டர். "மனசு நிக்காம கை எங்க நிக்கும்?"

அவர் மாஸ்டரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மாஸ்டர் அதையே எல்லோரிடமும் சொன்னார். சம்சாரத்தின் வாயால் கெட்டுப்போன ஒரு தொழில்காரர் என்று ஊரில் அவருக்குப் புதுப் பேர் வந்தது. பழைய பேரைவிட அதற்கு மரியாதை கூடுதலாகவே கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் காலேஜ் பையின் வார் அறுந்துவிட்டது என்று தைக்கக் கொண்டுவந்தாள். அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காங்க" என்றாள். பை தைத்து முடிகிற வரைக்கும் வாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பதினெட்டு வருஷம் பேசாம இருந்தவங்க இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கலாம் சித்தப்பா. என் படிப்பு முடிஞ்சிருக்கும். இப்ப வீட்ல உக்காந்து சோறு திங்க முடியல, ரெண்டு பேரு மூஞ்சியும் பாக்க முடியல. உங்களுக்கே நியாயமா படுதா?" என்று கேட்டாள்.

டயருக்குள் படுத்துக் கிடந்த பிள்ளை. நான் பையின் நூலைக் கடித்து அறுத்துக் கொடுத்தேன்.

கம்பெனி என்ன ஆனது என்று கேட்பீர்கள். என் கடைப் பலகையில் இருந்த நம்பரைப் பார்த்து வைத்திருந்து சூப்பர்வைசர் ஒரு நாள் போனில் கூப்பிட்டார். மேலே ஒத்துக்கொள்ளவில்லையாம். "ஆனா அந்த வீடியோவப் பாத்து நம்ம பசங்களே ஓரளவுக்குப் பிடிச்சிக்கிட்டாங்க. அந்தக் கம்பிங்க மட்டும் சரியா வளைய மாட்டேங்குது. அந்தம்மாகிட்டக் கேட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எடுக்கவும் இல்லை, அண்ணியிடம் சொல்லவும் இல்லை. கம்பிகள் எங்கே போயின என்றும் தெரியாது. ஷெட்டைக் காலி பண்ணியபோது பழைய இரும்புக்காரன் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அள்ளிப் போட்டான்.

ஐந்தாவது மாதம் ஷெட் மூடப்பட்டது. அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் கடை. மாஸ்டர் கடைத்தெருவில் ஒரு பெரிய உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறார். புது சைலன்சர் விற்கிறார். ஒடுக்கு எடுத்தால் போதாதா என்று யாராவது இழுத்தால், "எடுத்தா நிக்காது சார். இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன்" என்கிறார். விற்பனை நன்றாகவே போகிறது.

அண்ணி வேலை தேடினார். கேட் செய்கிற இரண்டு மூன்று பட்டறைகளில் கேட்டிருக்கிறார். ஒருத்தன், "வெல்டிங்கா? கூட்டிப் பெருக்க வேணா ஆள் வேணும்" என்றானாம். இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார். காலையில் என் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். நான் தலை நிமிர்வதற்குள் தாண்டிவிடுவார்.

சென்ற மாதம் மழையில் வண்டி சறுக்கி நான் விழுந்தேன். எனக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று, சைலன்சர்தான் வளைவுக்குக் கீழே நன்றாக நசுங்கிவிட்டது. அதைச் சாக்காக வைத்தாவது பேசலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். முழங்கை வரைக்கும் இருக்கிற சூட்டுப் புள்ளிகள் கறுத்து ஆறிவிட்டிருந்தன.

"அவரு கடைக்குப் போயிருக்காரு" என்றார்.

"இல்ல அண்ணி, உங்களத்தான் பாக்க வந்தேன். வண்டி விழுந்துடுச்சு. சைலன்சர்..."

அண்ணி வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். நெருங்கிக்கூட வரவில்லை. எவ்வளவு ஆழம், உள்தகடு எங்கே நிற்கிறது, எங்கிருந்து நெம்ப வேண்டும் என்று அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி" என்றேன்.

"என்னைக்கு?"

நான் பேச வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை.

"எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது தம்பி. மாஸ்டர் வந்ததும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.